மரியாயின் சேனை பிரசீடியத்தின் ஆண்டறிக்கை – 2025

பெருமதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, அன்பியப் பொறுப்பாளர்களே, பிரசீடியத்தின் சகோதர சகோதரிகளே, மரியே வாழ்க!

பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட ஆலயங்கள் அவ்வாண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட பின்னும், தூத்துக்குடிக் கடற்கரையிலுள்ள நம் பங்கில் ஞாயிறு திருப்பலிக்குத் திரும்பாத குடும்பங்கள் பல இருந்தமையால், அவர்களைச் சந்திப்பதையே இவ்வாண்டின் முதன்மைப் பணியாக கத்தோலிக்கப் பொதுநிலையினர் இயக்கமான மரியாயின் சேனையின் கிளைக் குழுவாகிய நம் பிரசீடியம் ஏற்றது. சேனையின் ஒழுங்குப்படி இருவர் இருவராகச் சென்றோம். வீடுகளில் நம்மை நம்பிச் சொன்னவற்றை வெளியில் பேசுதல் தகாது என்பதால், எந்தக் குடும்பத்தையும் அடையாளம் காட்டாமல், காரணங்களை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

விசுவாசம் குளிர்ந்துவிட்டதால்தான் இவர்கள் வருவதில்லை என்று பங்கில் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் நாங்கள் சென்ற வீடுகள் பலவற்றில் மாலைதோறும் செபமாலை சொல்லப்படுகிறது. பனிமய மாதா பேராலயத் திருவிழாவுக்கு ஆகஸ்ட் 5ஆம் நாள் அவர்கள் தவறாமல் செல்கிறார்கள். அவர்களைத் தடுத்தவற்றுள் முதன்மையானது, குடும்பங்கள் பங்குக்குச் செலுத்தும் ஆலய வரியின் பாக்கி. தொழில் நொடித்துப் பல மாதங்கள் வரி கட்ட இயலாதவர்கள், திருப்பலி முடிந்து வெளியே வரும்போது ஊரார் முன்னிலையில் அதைக் கேட்டுவிடுவார்களோ என்று அஞ்சியே ஒதுங்கியிருந்தார்கள். இதைப் பங்குத்தந்தையிடம் தெரிவித்தோம்; ஞாயிறன்று ஆலய வளாகத்தில் வரியைப் பற்றிப் பேசுவதில்லை என்று பங்குப் பேரவை முடிவு செய்தது. ஆண்டு முழுவதும் எடுத்த முயற்சிகளுள் மிகுந்த பலன் தந்தது இதுவே என்பது என் உறுதியான கருத்து.

ஏப்ரல் 15இல் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் இவ்வாண்டு புனித வாரத்தோடு சேர்ந்து வந்ததால், விசைப்படகுத் தொழிலாளர்களை வீட்டிலேயே சந்திக்க முடிந்தது; உயிர்ப்புப் பெருவிழாவுக்கு வந்தவர்களுள் சிலர், ஜூன் 14இல் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குச் சென்ற பின்னும், ஞாயிறுதோறும் வருவது நமக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. பதிவு அலுவலகத்தில் மட்டும் திருமணம் செய்துகொண்ட தம்பதியர் சிலர், ஆலயத்துக்குள் வரவே தங்களுக்கு உரிமையில்லை என்று எண்ணியிருந்தார்கள். நற்கருணை பெற இயலாத நிலையிலும் அவர்கள் திருப்பலியில் பங்கேற்கலாம் என்பதை எடுத்துரைத்து, திருமணத்தை முறைப்படுத்தப் பங்குத்தந்தையிடம் அழைத்துச் சென்றோம்.

ஞாயிறும் விடியும் முன்னே உப்பளத்துக்குச் செல்ல வேண்டியவர்களிடம், சனிக்கிழமை மாலைத் திருப்பலியே ஞாயிறு திருப்பலியில் பங்கேற்கும் கடமையை நிறைவேற்றும் என்று திருச்சபைச் சட்டம் 1248 கூறுவதைத் தெரிவித்தோம். தொலைக்காட்சியில் திருப்பலி காண்பதே பழகிப்போன வீடுகளில் முதியோருக்கும் நோயாளருக்கும் நற்கருணை கொண்டுசெல்ல ஏற்பாடு செய்யப்பட்டது. அவ்வீடுகளின் இளையோரை ஆலயத்துக்கு அழைத்துவரும் பணியில் நாம் இன்னும் பின்தங்கியே இருக்கிறோம்.

ஞாயிறு காலைத் தனிப்பயிற்சி வகுப்புகளால் மறைக்கல்விக்கும் திருப்பலிக்கும் வராத பிள்ளைகளின் பெற்றோரை வரும் தவக்காலத்துக்கு முன் சந்திக்கத் தீர்மானித்துள்ளோம். இப்பணிக்கு, பங்கின் அருகமைக் குடும்பங்களின் குழுவான ஒவ்வோர் அன்பியமும் இருவரை அனுப்பி உதவுமாறு பிரசீடியத்தின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.

இறைப்பணியில்,
செயலர்