தாளை எடுத்தது யார்?

அன்பு மகளுக்கு,

பேத்தி குட்டி வரைந்த படங்கள் வந்து சேர்ந்தன. கைபேசித் திரையில் பார்த்தது எனக்குப் போதவில்லை. கடைத்தெருவில் ஜெராக்ஸ் போடும் பையனிடம் கொடுத்துக் கலர் பிரிண்ட் எடுத்துவந்து மேசை முழுக்கப் பரப்பிவைத்திருக்கிறேன். கீரை ஆய இடமில்லை என்று உன் அம்மா முணுமுணுக்கிறாள். ஆனாலும் போகும்போதும் வரும்போதும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் நகர்கிறாள்.

குழந்தைகள் காப்பகத்து ஆசிரியை இதெல்லாம் அசல் கலை, காபிக் கடையில் கண்காட்சி வைத்து விலையும் போடலாம் என்கிறார். மாப்பிள்ளையோ இரண்டரை வயதுப் பிள்ளை கையில் எதைக் கொடுத்தாலும் இழுக்கத்தான் செய்யும், அதற்கு ஃப்ரேம் ஒரு கேடா என்கிறார். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்தவன் என்பதால் என்னை நாட்டாமை ஆக்கியிருக்கிறாய். மருமகனுக்கும் மகளுக்கும் நடுவில் உட்காரும் நாட்டாமைக்கு என்ன மரியாதை மிஞ்சும் என்று உனக்கே தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

அந்த நீலப் படம் நல்ல படம். பேத்தி வரைந்தது என்பதற்காகச் சொல்லவில்லை. இடது பக்கம் தோளிலிருந்து கையை வீசி ஒரே இழுப்பில் போட்ட வளைவு இருக்கிறதே, அதைக் கிட்டத்தில் வைத்துப் பார். தொடங்கும் இடத்தில் சாயம் தேங்கிக் கருநீலமாக இருக்கிறது. மேலே போகப்போக பிரஷ்ஷில் சாயம் தீர்ந்து, மயிர் பிரிந்து, தலை வாரியதுபோல் வரிவரியாகக் காய்ந்து முடிகிறது. அந்தக் காய்ந்த முனைமேல் அவள் மறுபடி பிரஷ்ஷை வைக்கவில்லை. என்னிடம் படித்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளாக இருந்தால் விட்டிருக்க மாட்டார்கள். "திட்டுத்திட்டாத் தெரியுது சார்" என்று இன்னும் இரண்டு பூச்சுப் பூசிச் சுவருக்கு டிஸ்டெம்பர் அடித்தது போலாக்கிவிடுவார்கள். கீழ் மூலையில் மூன்று சிவப்புக் குத்துகள். ஒன்றின்மேல் கட்டைவிரல் அழுந்தியிருக்கிறது, ரேகைகூடத் தெரிகிறது. நடுவில் வெள்ளைத் தாள் அப்படியே விடப்பட்டிருக்கிறது. அப்படி விடத் தெரியாமல் எத்தனையோ பெரிய மனிதர்கள் கேன்வாஸை நாசம் செய்து பார்த்திருக்கிறேன்.

ஆக, படம் நன்றாக இருக்கிறதா என்பது எனக்குப் பிரச்சினையே இல்லை. என் கேள்வி வேறு. அந்தத் தாளை அவளிடமிருந்து எடுத்தது யார்? போதும் என்று அவளே பிரஷ்ஷைக் கீழே போட்டாளா? சாப்பாட்டு நேரம் என்று நீ எடுத்தாயா? அல்லது, இப்போது அழகாக இருக்கிறது, இன்னும் இரண்டு நிமிஷம் விட்டால் சாணி நிறமாகிவிடும் என்று நைசாக உருவிக்கொண்டாயா? சிரிக்காதே. பாலர் பள்ளி ஆசிரியைகள் பலர் அன்றாடம் செய்கிற வேலைதான் இது. மூன்று நிறத்துக்கு மேல் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் எந்தப் பிள்ளையின் தாளும் பழுப்புச் சேறாகத்தான் முடியும். சேறாவதற்கு முன்னால் எடுத்தவர் கண்ணும் அந்தப் படத்தில் இருக்கிறது. நிறங்களைத் தேர்ந்து கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தவர் கண்ணும் இருக்கிறது.

இதை நான் ஏன் இவ்வளவு பிடித்துக்கொள்கிறேன் என்றால், மார்லா என்ற குழந்தையின் கதை அப்படி. நியூயார்க் மாநிலத்தில் பிங்ஹாம்டன் என்ற சிறிய ஊர். குழந்தைக்கு நான்கு வயது. முதலில் ஒரு காபிக் கடையில்தான் படங்களை மாட்டினார்கள். (உன் காபிக் கடையைப் படித்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.) 2004-இல் உள்ளூர் ஓவியக் கூடத்தில் கண்காட்சி, பிறகு பெரிய பத்திரிகைகளில் செய்தி, படங்கள் ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்பனை. அடுத்த வருஷமே '60 மினிட்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காரர்கள் பெற்றோரின் சம்மதத்துடன் வீட்டில் மறைவாகக் கேமரா வைத்து, குழந்தை வரைவதைப் பதிவு செய்தார்கள். எலன் வின்னர் என்ற உளவியலாளரிடம் அதைக் காட்டினார்கள். அபாரத் திறமையுள்ள குழந்தைகளைப் பற்றி ஆராய்ந்தவர் அவர். எல்லாப் பிள்ளைகளும் வரைவதுபோலத்தான் இவளும் வரைகிறாள், விற்ற படங்களில் இருக்கும் நேர்த்தி இதில் இல்லை என்ற பொருள்பட அவர் பேசினார். அவ்வளவுதான், வாங்க வந்தவர்கள் பலர் பின்வாங்கினார்கள். தந்தையும் ஓவியம் வரைகிறவர் என்பதால், அவர்தான் கை வைத்திருப்பார் என்று ஊரெல்லாம் பேச்சு. பெற்றோர் அடியோடு மறுத்தார்கள். ஒரு படத்தை அவள் தொடக்கத்திலிருந்து கடைசிவரை வரைவதைத் தாங்களே படம்பிடித்து வெளியிட்டார்கள். அதைப் பார்த்து நம்பியவர்கள் உண்டு, நம்பாதவர்களும் உண்டு.

அந்த வீட்டில் நடந்தது என்ன என்று தீர்ப்பு எழுத நான் யார்? என்னை உறுத்துவது வேறொன்று. படம் ஒன்றுதான். நேற்று சுவரில் இருந்தபோது ஆஹா என்றவர்கள், யார் கை பட்டது என்ற சந்தேகம் வந்ததும் ச்சீ என்றார்கள். அப்படியானால் அவர்கள் வாங்கியது நிறத்தையும் கோட்டையும் அல்ல. நான்கு வயது என்ற செய்தியை. நான்கு வயதுப் பிள்ளை ஒன்றுக்குத் தன் வயதையே விற்பனைப் பொருளாக்கிக்கொடுத்தால், ஐந்தாவது பிறந்த நாள் வரும்போது அவள் என்ன செய்வாள்?

அதே எலன் வின்னர் தன் மாணவியுடன் சேர்ந்து பாஸ்டன் கல்லூரியில் செய்த ஒரு சோதனையை 2011-இல் வெளியிட்டார். பேர்பெற்ற அரூப ஓவியர் (உருவம் எதையும் காட்டாமல் வரைபவர்) ஒருவரின் படம், அதேபோல் தோற்றமளிக்கும் குழந்தையின் படமோ குரங்கு, யானையின் படமோ ஒன்று என்று ஜோடி ஜோடியாகக் காட்டி எது சிறந்தது என்று கேட்டார்கள். சில ஜோடிகளில் வேண்டுமென்றே பெயரை மாற்றியும் ஒட்டினார்கள். ஓவியம் படித்தவர்களும் சரி, படிக்காத உளவியல் மாணவர்களும் சரி, ஏறக்குறைய பத்தில் ஆறேழு தடவை ஓவியரின் படத்தையே தேர்ந்தெடுத்தார்கள். பெயர் மாறியிருந்தபோதும் அவர்கள் பெரிதாக ஏமாறவில்லை. ஏதோ ஒரு மனம் திட்டமிட்டிருக்கிறது என்பது கண்ணுக்குத் தட்டுப்படத்தான் செய்கிறது. மாப்பிள்ளையிடம் இதைச் சொல். "எவன் வேண்டுமானாலும் கிறுக்கலாம்" என்பவர்களுக்கு இதுதான் பதில். ஆனால் அறுபது சதவீதம் என்பது நம் ஊர்க் கணக்கில் முதல் வகுப்பு என்றாலும், மீதி மூன்று நான்கு தடவை குழந்தையும் குரங்கும் ஜெயித்திருக்கின்றன என்பதையும் அவரிடமிருந்து மறைக்காதே.

மாப்பிள்ளை அனுப்பிய ஸ்வீடன் குரங்குக் கதையையும் படித்தேன். 1964-இல் கோத்தன்பர்க் நகரில் ஒரு பத்திரிகையாளர் சிம்பன்சி ஒன்றிடம் சாயத்தைக் கொடுத்து வரையவைத்து, 'பியேர் பிராசோ' என்று பிரெஞ்சுப் பெயர் சூட்டிக் கண்காட்சியில் மாட்டிவிட்டார். விமர்சகர்கள் பாராட்டினார்கள், குட்டு வெளிப்பட்டது, ஊர் சிரித்தது. ஒரு விமர்சகர் மட்டும், யார் வரைந்தால் என்ன, அந்தக் கண்காட்சியில் இருந்ததிலேயே அதுதான் நல்ல படம் என்று சொன்னதில் நின்றார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்திருக்கிறது. சிரிக்கிறவர்கள் எல்லாரும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்தச் சிம்பன்சி வரைந்து தள்ளியதிலிருந்து நல்லதாக நான்கை அந்தப் பத்திரிகையாளர்தான் பொறுக்கி எடுத்தார். விமர்சகர்கள் பாராட்டியதில் பாதி அவர் தேர்வை.

இன்னொரு சிம்பன்சி இருந்தது, காங்கோ என்று பெயர். இதுதான் என்னைத் தூங்கவிடாத கதை. லண்டன் விலங்குக்காட்சி சாலையில் டெஸ்மண்ட் மாரிஸ் என்ற விலங்கியலாளர் 1950-களில் அதற்குப் பென்சிலும் பிரஷ்ஷும் கொடுத்துப் பழக்கினார். நானூறு படங்கள் அளவுக்கு அது வரைந்தது. 1957-இல் லண்டனில் கண்காட்சியும் நடந்தது. பாதியில் தாளைப் பிடுங்கினால் காங்கோ கத்தி ரகளை செய்யுமாம். முடிந்துவிட்டது என்று அதற்குத் தோன்றிவிட்டாலோ, எவ்வளவு கெஞ்சினாலும் பிரஷ்ஷைத் தொடாதாம். எங்கே நிறுத்துவது என்று ஒரு குரங்குக்குத் தெரிந்திருக்கிறது! 2005-இல் அதன் மூன்று படங்கள் லண்டன் ஏலத்தில் 14,400 பவுண்டுக்குப் போனது இருக்கட்டும். எனக்கு அந்த ரகளைதான் பெரிது. அந்த இடத்தில் கலையின் முளை ஏதோ இருக்கிறது என்று நினைக்கிறேன்.

குட்டிக்கு அந்த முளை விட்டிருக்கிறதா என்று நாம் பார்க்க வேண்டும், அவ்வளவே. சான் பிரான்சிஸ்கோவில் ரோடா கெல்லாக் என்ற அம்மையார் லட்சக்கணக்கில் குழந்தைகளின் படங்களைச் சேர்த்துப் பார்த்து, எல்லா நாட்டுப் பிள்ளைகளும் இருபது வகைக் கிறுக்கல்களிலிருந்துதான் தொடங்குகிறார்கள் என்று வகைப்படுத்தினார். கோடு, வளையம், பிறகு வளையத்துக்குள் சிலுவை, சூரியன், அந்தச் சூரியனே கைகால் முளைத்து மனிதன். உன் மகள் இப்போது வளையத்தை மூடப் பழகிக்கொண்டிருக்கிறாள். மஞ்சள் படத்தில் அது நன்றாகத் தெரிகிறது. அவசரப்படுத்தாதே. "இது என்ன, பூனையா?" என்று தயவுசெய்து கேட்காதே. கேட்டால் உன்னைச் சந்தோஷப்படுத்த ஆமாம் என்பாள், அடுத்த வாரம் பூனை வரைய முயல்வாள். பள்ளிக்கூடம் போனதும் இருக்கவே இருக்கிறது: இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, ஒரு குடிசை, தென்னை மரம், வானத்தில் நாலு காக்கை. அதை எந்த ஆசிரியரும் பாடமாக நடத்தியதில்லை. ஆனாலும் தமிழ்நாட்டில் எந்த வகுப்பில் தாளைக் கொடுத்தாலும் அதுதான் வரும். அந்த மலைகளை ஒழிக்க முடியாமலேயே நான் ஓய்வு பெற்றேன்.

பெரிய ஓவியர்களுக்கும் இவளுக்கும் என்னதான் வித்தியாசம் என்று கேட்டிருக்கிறாய். அவர்களுக்கு உருவம் வரையத் தெரியும், தெரிந்தும் வேண்டாம் என்று விட்டார்கள் என்பது எல்லாரும் சொல்லும் பதில். நம் ஊர் ஓவியர் ஆதிமூலத்தையே எடுத்துக்கொள்ளலாம். காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் கறுப்பு மையில் வரைந்த காந்தி கோட்டோவியங்களைப் பார்த்தவர்கள், பின்னாளில் அவர் தீட்டிய வெறும் வண்ணப் பரப்புகளைப் பார்த்து "கை தேர்ந்தவர், அதனால் சரி" என்று சமாதானம் அடைவார்கள். எனக்கு அந்தப் பதில் பாதிதான் ஒப்புகிறது. கேன்வாஸின் பின்னால் சான்றிதழை ஆணியடித்து மாட்ட முடியுமா? நான் பார்க்கும் வித்தியாசம் இது: ஓவியருக்குத் தோற்ற படம் என்று ஒன்று உண்டு. சுவர் பக்கம் திருப்பிவைத்தது, மேலே வெள்ளையடித்து மறைத்தது, கிழித்தது. எது தேறியது என்று முடிவு செய்பவரும் அவரே, தேறாததற்குச் சொந்தக்காரரும் அவரே. ஓவியர் பால் கிளே தன் படைப்புகளுக்கு 1911-இல் பட்டியல் எழுதத் தொடங்கியபோது சிறுவயதில் வரைந்த சிலவற்றையும் அதில் சேர்த்தார். பிள்ளை வரைந்தது, பெரியவர் தேர்ந்தார். இரண்டும் ஒரே ஆளாக இருந்ததால் சண்டை இல்லை.

குட்டிக்குத் தோற்ற படமே கிடையாது. அதுதான் அவள் கையில் இருக்கும் சொத்து. விலைச் சீட்டு ஒட்டிய அன்றே அவளுக்கு அதுவும் வந்துவிடும். நீலப் படம் விற்றது, மஞ்சள் படம் விற்கவில்லை என்பதை யாரும் சொல்லாமலே பிள்ளைகள் தெரிந்துகொள்வார்கள்.

உங்கள் மெல்பர்னிலேயே 2009-இல் இரண்டு வயது நிரம்பாத குழந்தையின் படங்கள் ஃபிட்ஸ்ராய் பக்கத்து ஓவியக் கூடம் ஒன்றில் இடம்பெற்றன. தேர்ந்தெடுத்தவருக்கு வயது பிறகுதான் தெரிந்ததாம், சங்கடப்பட்டாலும் மாட்டிவிட்டார். கண்ணை நம்பியவர், அதுவரை சரி. அந்தக் குழந்தை நான்கு வயதில் நியூயார்க்கில் தனிக் கண்காட்சி வரை போய்விட்டது. உனக்கு அந்த ஆசை வேண்டாம், அம்மாடி.

காபிக் கடையில் மாட்டுவதானால் தாராளமாக மாட்டு. வயதும் தேதியும் எழுது, விலை எழுதாதே. நல்லதாக நாலு பொறுக்காமல் அந்த மாதம் வரைந்தது அத்தனையையும் மாட்டு. சேறாகிப்போனவற்றை நீ எனக்கு அனுப்பாமல் ஒளித்துவைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும், அவையும் வேண்டும். கிண்ணத்தில் எந்த நிறம் என்பதை இனி அவளே காட்டட்டும். பெரிய தாளாக, கெட்டியானதாக வாங்கு. அரை அங்குலத்துக்குக் குறையாத அகலத்தில், கைப்பிடி குட்டையாக ஒரு பிரஷ் போதும். தாளைத் தரையில் ஒட்டிக் கொடுத்துவிட்டு நீ உன் வேலையைப் பார். அவளாக எழுந்து போகும்வரை தாளைத் தொடாதே. எழுந்து போனபின் அதே தாளை மறுபடி முன்னால் வைத்துப் பார்: பிரஷ்ஷைத் தொடுகிறாளா, மாட்டேன் என்று தள்ளிவிடுகிறாளா? தள்ளிவிட்டால் அன்றைக்கே, உங்கள் ஊரில் எத்தனை மணியானாலும், எனக்குப் போன் செய்.

கடைக்காரர் யாராவது விலை கேட்கிறார்கள் என்று வந்து நின்றால், தாத்தாவைக் கேட்டுச் சொல்கிறோம் என்று சொல்லிவிடு. நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா