ஸ்டாக் வகுப்பில் பிளிங்கி வேண்டும்: பந்தயக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பந்தயக் குழுவினருக்கு,

வணக்கம். போன ரிமோட் கார் பந்தயத்தன்று காலை நீங்கள் அறிவித்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன். எல்லாரும் 17.5 சுற்றுக் கம்பியுள்ள ஒரே வகை மோட்டாரில் ஓட்டும் 17.5 ஸ்டாக் வகுப்பில் இனி எந்த இஎஸ்சியும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) எந்த மோடிலும் ஓடலாம், அதன் விளக்கைப் பார்த்துச் சோதிக்க ஆள் இல்லை என்றீர்கள். முன்னறிவிப்பு கிடையாது, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

பிளிங்கி, அதாவது மென்பொருள் எந்த வேகத்தையும் ஏற்றித்தராத, விளக்கைச் சிமிட்டிக் காட்டும் மோடு, ஏன் வந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2010 வாக்கில், இஎஸ்சிக்குள் இருக்கும் மென்பொருளே டைமிங்கை (மோட்டாருக்கு மின்சாரம் போகும் கணத்தை முன்தள்ளி வேகம் கூட்டுவது) ஏற்றிக்கொடுக்க ஆரம்பித்ததும் ஸ்டாக் வகுப்பு என்ன பாடுபட்டது என்பதைப் பார்த்தவர்கள் நீங்கள். அதனால்தான் அமெரிக்காவின் ரிமோட் கார் பந்தய அமைப்பான ரோர் உட்படப் பல அமைப்புகள் ஸ்டாக்குக்குப் பூஜ்ய டைமிங் விதியைக் கொண்டுவந்தன. விசையை அழுத்தாமல் திராட்டில் நியூட்ரலில் இருக்கும்போது இஎஸ்சியின் விளக்கு சிமிட்டினால் சரி, இல்லாவிட்டால் கார் சோதனை மேசைக்குப் போகும். இதற்கு மேல் எளிதாக ஒரு விதியை எழுத முடியுமா?

இந்த ஆண்டு சேர்ந்த கல்லூரி மாணவன் ஒருவன் எந்த இஎஸ்சி வாங்கலாம் என்று கேட்டபோது, உங்கள் விதிப்புத்தகத்தைக் காட்டித்தான் பதில் சொன்னேன். இரண்டு செல் (2எஸ்) லிப்போ பேட்டரியில் 17.5 மோட்டார் ஓட்ட 160 ஆம்பியர் இஎஸ்சி எதற்கு? பூஸ்ட் (மென்பொருள் ஏற்றும் டைமிங்) இல்லாத வகுப்பில் 60 ஆம்பியர் ஜஸ்டாக் இஎஸ்சியே தாராளமாகப் போதும். சென்சார் வயரை ஒழுங்காக மாட்டு, கப்பாசிட்டரைக் கழற்றாதே, மிச்சமாகும் பணத்தில் டயர் வாங்கு என்றேன். நம் வகுப்பில் காரை ஜெயிக்க வைப்பது டயரும் கையும்தான். அவனும் பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில் அதையே வாங்கினான்.

அன்று ஃபைனலில் நடந்தது உங்களுக்கும் தெரியும். வளைவில் எல்லாம் அவன் முன்னால் போகிறான், ஸ்ட்ரெயிட்டில் பூஸ்ட் போட்ட கார்கள் அவனை நிறுத்திவைத்ததுபோல் தாண்டுகின்றன. முந்தைய சுற்றான ஹீட்டிலும் இதே கதை என்பதால் மோட்டாரின் பல்சக்கரமான பினியனை இரண்டு பல் பெரிதாக்கி, மோட்டாரின் பின்மூடியான எண்ட்பெல்லைத் திருகி டைமிங்கையும் கூட்டியிருந்தான். சென்னை மே மாதத்துத் தார்த்தரையில் ஐந்து நிமிடம். ஓட்டம் முடிந்து பாடியைக் கழற்றியதும் வார்னிஷ் கருகிய வாடை அடித்தது. மோட்டாரைத் தொட முடியவில்லை. ஆறிய பிறகு கையால் சுற்றிப் பார்த்தால், உள்ளே சுழலும் காந்தமான ரோட்டரில் அந்தக் கெட்டியான பிடிப்பு பாதிகூட இல்லை, சூட்டில் பலம் போயிருந்தது. அவன் யாரிடமும் புகார் சொல்லவில்லை. "அண்ணா, பெரிய இஎஸ்சி எவ்வளவு ஆகும்?" என்று மட்டும் கேட்டான்.

அவனுக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள். இவன் வாங்கியதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் விலை என்று சொல்லுங்கள். அதோடு, இறக்குமதிப் பொம்மைகளுக்கு 2020-இல் 60 சதவீதமாகி 2023-இல் 70 சதவீதமான சுங்க வரியையும் சொல்லுங்கள். பெட்டியில் கார் படம் இருந்தால் பொம்மையென்றா மின்னணுப் பொருளென்றா, எந்தத் தலைப்பில் வரி விழும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். பேசாமல் கோப்பையையும் இனி இஎஸ்சிக்கே கொடுத்துவிடலாம். வாங்கிக்கொள்ளக் கை இல்லையே என்றால் மேலே இருக்கும் கூலிங் ஃபேனில் தொங்கவிடலாம்.

மன்னிக்கவும். கேட்க வந்தது ஒன்றுதான். ஸ்டாக் வகுப்பில் பிளிங்கியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். பூஸ்ட் போட்டு ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு மாடிஃபைட் வகுப்பு இருக்கிறது. அங்கே டர்போ, டைமிங் எல்லாம் இஷ்டம்போல் வைத்துக்கொள்ளட்டும், நாங்களும் நின்று கை தட்டுகிறோம்.

வெயிலில் விளக்கு தெரிவதில்லை என்று குழுவில் ஒருவர் சொன்னாராம். பாடியைக் கழற்றி உள்ளங்கையால் மறைத்துப் பார்த்தால் தெரியும். பிளிங்கி போலவே சிமிட்டி ஏமாற்றும் மென்பொருள் வந்துவிட்டது என்பது இரண்டாவது வாதம். அதற்குத்தான் அங்கீகரித்த இஎஸ்சிகளின் பட்டியலையும் மென்பொருள் பதிப்பையும் வெளியிடச் சொல்கிறோம். ஆள் இல்லை என்பது மூன்றாவது. ஒவ்வொரு ஹீட் முடிந்ததும் முதல் மூன்று கார்களைப் பார்த்தால் போதும். அடுத்த ஹீட்டுக்கு மார்ஷலாக (கவிழ்ந்த கார்களைத் தூக்கி நிறுத்துபவராக) நிற்க எப்படியும் வரப்போகிறோம், அப்படியே மேசையிலும் ஒருவர் நிற்கிறோம்.

அடுத்த பந்தயத்துக்குப் பதிவு தொடங்குவதற்கு முன் உங்கள் முடிவை எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பிளிங்கி கட்டாயம் என்றால் அந்த மாணவன் புது ரோட்டர் மட்டும் வாங்கினால் போதும். இல்லையென்றால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள், அவன் பணத்தை வீணாக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஸ்டாக் வகுப்பில் ஓட்டும் உங்கள் உறுப்பினர்களில் ஒருவன்