புட்டியின் அடியில் தங்கிய படிகங்கள் பற்றி

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்களிடம் வாங்கிய பொட்டாசியம் நைட்ரேட் தெவிட்டிய கரைசலின் (அந்த வெப்பநிலையில் இனி உப்பு கரையாத அளவுக்கு நிறைந்த கரைசலின்) அடியில் வெண்ணிற ஊசிகளைப் போலப் படிகங்கள் தங்கியிருப்பதாகவும், சரக்கில் கலப்படம் இருக்குமோ என்றும் உங்களில் சிலர் எழுதியிருந்தீர்கள். கேட்டது நியாயமே. அவை நீங்கள் வாங்கிய அதே உப்புதான்; அது எவ்வளவு வெளியேறும் என்பதை நீங்களே கணக்கிட்டுவிடலாம் என்பதால் இம்மடலை எழுதுகிறோம்.

உப்புப் படிகத்தில் நேர்மின் அயனிகளும் எதிர்மின் அயனிகளும் (மின்னூட்டம் கொண்ட துகள்கள்) ஒன்றையொன்று இறுகப் பற்றி அடுக்கடுக்காக நிற்கின்றன. நீரில் இட்டதும், நீர் மூலக்கூறுகள் தம் ஆக்சிஜன் முனையைப் பொட்டாசியம் அயனியின் பக்கமும் ஹைட்ரஜன் முனையை நைட்ரேட் அயனியின் பக்கமும் திருப்பிச் சூழ்ந்துகொண்டு, அவற்றை அடுக்கிலிருந்து பெயர்த்தெடுக்கின்றன. பெயர்க்கச் செலவாகும் ஆற்றல், சூழ்ந்துகொள்வதால் வெளிப்படும் ஆற்றலைவிட அதிகம் என்பதால்தான் இந்த உப்பைக் கரைக்கும்போது முகவை கையில் சில்லிடுகிறது. இப்படி வெப்பத்தை உறிஞ்சிக் கரையும் உப்பு, சூடேற்றினால் மேலும் கரையும். 100 கிராம் நீரில் இது 0 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 13 கிராமும், 20 டிகிரியில் 31.6 கிராமும், 60 டிகிரியில் 100 கிராமுக்கு மேலும் கரைகிறது. சோடியம் குளோரைடு அப்படியல்ல; 20 டிகிரியில் 36 கிராம் கரைவது 100 டிகிரியில்கூட 39 கிராமைத்தான் எட்டுகிறது. கால்சியம் ஹைட்ராக்சைடோ சூட்டில் குறைவாகவே கரையும்.

இனி உங்கள் புட்டிக்கு வருவோம். அதில் 200 கிராம் நீரில் 90 கிராம் உப்பைச் சூடாகக் கரைத்து, ஆறுவதற்கு முன்பே அடைத்துவிட்டோம். அது எங்கள் அவசரம். 20 டிகிரிக்கு ஆறியதும் அந்நீர் தாங்கக்கூடியது 63.2 கிராம் மட்டுமே. எஞ்சிய 26.8 கிராம் படிகமாக இறங்கியே தீரும்.

சோதித்துப் பார்க்க விரும்புவோர், படிகத்துக்கு மேலே தெளிந்து நிற்கும் கரைசலை 20 டிகிரியில் எடுத்துக்கொள்ளுங்கள். காலிப் பீங்கான் கிண்ணம் 52.40 கிராம், கரைசலோடு 78.72 கிராம், மெதுவாகச் சூடேற்றி நீரை வற்றவைத்தபின் 58.72 கிராம் என்று வைத்துக்கொண்டால், உப்பு 6.32 கிராம், போன நீர் 20.00 கிராம். 6.32-ஐ 20-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 31.6 வரும். பலரும் இடறுவது இங்கேதான்: வகுக்க வேண்டியது நீரின் எடையால், கரைசலின் எடையால் அன்று. 26.32-ஆல் வகுத்தால் 24 என்ற விடை கிடைக்கும்; அது எடைச் சதவீதமே தவிர, கரைதிறன் (100 கிராம் நீரில் கரையும் அளவு) அட்டவணைகளில் காணும் எண் அன்று. எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி உலர்த்தி நிறுப்பதும் அவசியம். ஈரம் மிஞ்சினால் அதுவும் உப்பின் கணக்கில் ஏறிவிடும்.

சில்வர் குளோரைடு போல மிகச் சொற்பமாகக் கரையும் உப்புகளுக்குத் தராசு உதவாது. அவற்றுக்கு 1889-இல் ஜெர்மானிய வேதியியலாளர் நெர்ன்ஸ்ட் முன்வைத்த கரைதிறன் பெருக்கமே வழி; தெவிட்டிய கரைசலில் உள்ள இருவகை அயனிகளின் செறிவுகளை (லிட்டருக்கு இத்தனை மோல் என்ற அளவு; மோல் என்பது துகள்களை எண்ணும் அலகு) பெருக்கி வரும் எண் அது. 25 டிகிரியில் சில்வர் அயனிச் செறிவையும் குளோரைடு அயனிச் செறிவையும் பெருக்கினால் வருவது 1.8 × 10⁻¹⁰. தூய நீரில் இரண்டும் சமம் என்பதால் இதன் வர்க்கமூலமாகிய 1.34 × 10⁻⁵ மோல்தான் ஒரு லிட்டரில் கரையும், 143.3 என்ற மோலார் நிறையால் (ஒரு மோலின் எடை, கிராமில்) பெருக்கினால் ஏறத்தாழ 1.9 மில்லிகிராம். அதே நீரில் முன்கூட்டியே லிட்டருக்கு 0.1 மோல் சோடியம் குளோரைடு இருந்தால், பெருக்கம் மாறாமலிருக்க வேண்டி, கரைவது 1.8 × 10⁻⁹ மோலாகச் சுருங்கிவிடும். குளோரைடு இல்லாத தூய நீரிலோ அதைவிட அதிகம் கரையும்; சில்வர் குளோரைடு வீழ்படிவைக் (கரைசலிலிருந்து பிரிந்து படியும் திண்மத்தை) கழுவ மிகுந்த நீரை ஊற்றாதீர்கள் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

படிகம் தங்கிய புட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டாம். மூடியைத் தளர்த்தி, வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி அவ்வப்போது அசைத்தால் எல்லாம் கரைந்துவிடும். 20 டிகிரியில் தெவிட்டிய கரைசலே தேவையெனில், அதை வெதுவெதுப்பாக்காமல் மேலே உள்ள தெளிவை மட்டும் இறுத்து எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த சரக்கு முதல், எந்த வெப்பநிலையில் தெவிட்டியது என்பதைப் புட்டிச் சீட்டிலேயே அச்சிட்டு அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
ஆய்வகப் பொருள் விற்பனைப் பிரிவினர்