மக்கள் தொடர்பு வகுப்பு குறித்துப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

இந்தக் கல்வியாண்டு முதல் 9, 11ஆம் வகுப்புகளுக்கு வாரம் ஒரு பாடவேளை மக்கள் தொடர்பும் நிறுவனத் தகவல் தொடர்பும், அதாவது ஒரு நிறுவனம் மக்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதை, சொல்லித் தருகிறோம். "கம்பெனிக்காரர்கள் பூசி மெழுகும் வித்தை பிள்ளைகளுக்கு எதற்கு?" என்று பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பூசி மெழுகினால் என்ன ஆகும் என்பதிலிருந்துதான் எங்கள் பாடமே தொடங்குகிறது.

முதல் பாடம், 1982இல் அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் நடந்த ஒரு சம்பவம். டைலினால் என்ற வலி மாத்திரையில் யாரோ சயனைடு கலந்துவிட, 7 பேர் இறந்தார்கள். விஷம் தொழிற்சாலையில் கலக்கவில்லை. கடைக்குப் போன பிறகு வெளியாள் செய்த வேலை. "எங்கள் தவறில்லை" என்று மாத்திரை நிறுவனமான ஜான்சன் அண்ட் ஜான்சன் ஒதுங்கியிருக்கலாம். ஆனால் மாத்திரையைச் சாப்பிடாதீர்கள் என்று நாடு முழுக்க எச்சரித்து, சுமார் 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைத் திரும்பப் பெற்றது. 10 கோடி டாலருக்கு மேல் செலவு. பிறகு, பிரித்தால் தெரிந்துவிடும் மூன்றடுக்கு முத்திரையோடு மாத்திரை கடைக்குத் திரும்பியது. முதலில் யாருடைய உயிரை நினைத்துப் பேசினார்கள் என்பதைத்தான் மாணவர்கள் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

2015இல் நம் நாட்டில் மேகி நூடுல்ஸ் தடைசெய்யப்பட்டதையும் படிக்கிறார்கள். நீதிமன்றம் ஆகஸ்ட்டில் தடையை நீக்கியும், மறுபரிசோதனை எல்லாம் முடிந்து நவம்பரில்தான் பாக்கெட் கடைக்கு வந்தது. நிறுவனம் இதைச் சரியாகக் கையாண்டதா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடுகிறது. விடை சொல்லிவிட வேண்டாம் என்று ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

இந்தத் துறையின் இருட்டுப் பக்கத்தையும் மறைப்பதில்லை. 1929இல் எட்வர்ட் பெர்னேஸ் என்ற மக்கள் தொடர்பு நிபுணர் நியூயார்க் ஈஸ்டர் ஊர்வலத்தில் பெண்களைப் பொது இடத்தில் சிகரெட் பிடிக்க வைத்து, அதைப் பெண் விடுதலை என்று செய்தியாக்கினார். பின்னால் இருந்தது ஒரு சிகரெட் கம்பெனி. இன்றைக்கு ரீல்ஸில் ஒரு அக்கா முகப்பூச்சைப் புகழும்போது, "இதற்குக் காசு கொடுத்தது யார்?" என்று நம் பிள்ளைக்குக் கேட்கத் தோன்ற வேண்டும். எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான்.

அண்மையில் 9ஆம் வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தோம். பள்ளிக் குடிநீர்த் தொட்டியில் பல்லி விழுந்து கிடந்தது என்று வைத்துக்கொண்டு, பெற்றோருக்கு அறிவிப்பு எழுத வேண்டும். பெரும்பாலான நோட்டுகளில் "தவிர்க்க இயலாத காரணங்களால்" என்றே முதல் வரி. ஆசிரியை அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "உன் தம்பி அந்தத் தண்ணீரைக் குடித்திருந்தால் உன் அம்மா முதலில் என்ன கேட்பார்?" என்று ஓரத்தில் எழுதினார். மறுமுறை எழுதியபோது, தொட்டியில் என்ன கிடந்தது, எப்போது பார்த்தோம், வயிற்றுவலி வந்தால் யாரிடம் சொல்வது, தண்ணீர் எப்போது வரும் என எல்லாம் இருந்தது. அந்த நோட்டுகளை வாங்கிப் பாருங்கள்.

வேலைவாய்ப்பும் உண்டு. ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் முதல் மருத்துவமனை, வங்கி வரை இந்த வேலைக்கு ஆள் வேண்டியிருக்கிறது. ஆனால் அதற்காக மட்டும் இதைத் தொடங்கவில்லை.

இதற்குத் தேர்வு, மதிப்பெண், தனிக் கட்டணம் எதுவும் கிடையாது. கைப்பேசி தேவையில்லை. பொதுத்தேர்வு எழுதும் 10, 12ஆம் வகுப்புகளுக்கு இந்த வகுப்பு இல்லை. எந்த நிறுவனத்திடமும் பணமோ பாடப்பொருளோ வாங்கவில்லை, வாங்கவும் மாட்டோம்.

ஒரு வேண்டுகோள். பத்திரிகை, மருத்துவமனை வரவேற்பு, மின்வாரியம், வாடிக்கையாளர் சேவை என மக்களுக்குப் பதில் சொல்லும் வேலையில் இருப்பவர்கள் ஒரு பாடவேளை வந்து பிள்ளைகளோடு பேசுங்கள். கோபத்தோடு வருபவரிடம் எப்படிப் பேசுவது என்பதை உங்களைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது. விருப்பமுள்ளவர்கள் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுக்கலாம். இந்த ஆண்டு விழாவுக்கான பத்திரிகைச் செய்தியை 11ஆம் வகுப்பு மாணவர்களே எழுதப்போகிறார்கள். அதற்கு முன்பே நீங்கள் வந்து பேசினால் அவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்