வெட்டப்பட்ட படமும் ஓரத்தில் தெரிந்த கையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் மேல்நிலை வகுப்புகளுக்கான பாடத் தேர்வு பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். கணிதத்துக்கு ஒரு பத்தி, உயிரியலுக்கு ஒரு பத்தி, வணிகவியலுக்கு ஒன்றரைப் பத்தி. ஊடகக் கல்விக்கு ஒரே ஒரு வரி: "கஷ்டப்பட விரும்பாத பிள்ளைகளுக்கு ஊடகக் கல்வி இருக்கிறது, படம் பார்த்தால் போதும்." 19 ஆண்டுகளாக அந்தப் பாடத்தை நடத்துகிறவள் நான். ஒரு வரிதானே, விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் முயன்றேன். முடியவில்லை.

கட்டுரையோடு ஒரு புகைப்படமும் இருந்தது. அரையிருட்டில் திரையைப் பார்த்தபடி நான்கு மாணவர்கள். அதில் ஒருவன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்திருக்கிறான். கீழே "பார்ப்பதே படிப்பு" என்று படக்குறிப்பு. திங்கட்கிழமை அந்தப் பக்கத்தை வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். படக்குறிப்பை ஒரு தாளால் மறைத்துவிட்டு, இந்தப் படத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டேன். யாரோ விளக்குவதைக் கவனிக்கிறார்கள் என்றாள் ஒருத்தி. ஏதோ முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள் என்றான் இன்னொருவன். கெட்ட செய்தி ஏதோ வந்திருக்கிறது, முகங்களைப் பாருங்கள் என்றது மூன்றாவது குரல். பிறகு தாளை எடுத்தேன். "சோம்பேறிகள்" என்று பலர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். படம் அதே படம். இரண்டு சொற்கள் அதற்கு ஒரே ஒரு பொருளை மட்டும் மிச்சம் வைத்தன. 1964-இல் ரோலான் பார்த் என்ற பிரெஞ்சு அறிஞர் ஒரு விளம்பரப் படத்தை எடுத்துக்கொண்டு விளக்கியது இதைத்தான்: பல பொருள் தரக்கூடிய படத்தை, பக்கத்தில் இருக்கும் எழுத்து நங்கூரம் போட்டு ஒரே பொருளில் நிறுத்திவிடுகிறது. தங்களுக்குத் தெரியாததைச் சொல்வதாக எண்ண வேண்டாம். தங்கள் அலுவலகத்தில் படக்குறிப்பு எழுதுகிற ஒவ்வொருவருக்கும் இது அன்றாட வேலை. அதைப் பதினாறு வயதில் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்வதுதான் என் வகுப்பு.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து வந்தாள். பக்கத்தைக் கண்ணருகே கொண்டுபோய், இடது கீழ் ஓரத்தில் விரலை வைத்தாள். "டீச்சர், இங்கே ஒரு கை இருக்கிறது." இருந்தது. பென்சிலைப் பிடித்திருக்கும் மூன்று விரல்கள், அவற்றின் கீழே தாளின் ஒரு முனை. மணிக்கட்டோடு படம் வெட்டப்பட்டிருந்தது. படத்துக்கு வெளியே ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறார் ஐயா! கோபத்தில் அந்தப் படத்தை நான் எத்தனையோ முறை பார்த்திருந்தேன். என் கண்ணில் படவில்லை.

அதே வகுப்பில் கட்டுரையைப் பற்றி எழுதச் சொன்னேன். ஒரு செய்தியை அனுப்பியவர் எண்ணியபடியே எல்லோரும் பெற்றுக்கொள்வதில்லை. சிலர் அப்படியே ஏற்பார்கள், சிலர் பாதி ஏற்றுப் பாதி மறுப்பார்கள், சிலர் எதிர்த்து வாசிப்பார்கள் என்று 1973-இல் ஸ்டூவர்ட் ஹால் என்ற ஊடக ஆய்வாளர் எழுதினார். மூன்று வகையும் என் வகுப்பில் அன்று இருந்தன. கட்டுரையோடு முழுமையாக உடன்பட்ட ஒரு மாணவன், எளிதாக இருக்கும் என்று நினைத்துத்தான் இந்தப் பாடத்தில் சேர்ந்ததாக ஒளிக்காமல் எழுதினான். அடுத்த வரியிலேயே, "இந்தக் கட்டுரை எங்களைப் பற்றியது, ஆனால் எங்களுக்காக எழுதப்பட்டதல்ல. இது என் அப்பா படிக்கும் பக்கம்" என்று எழுதியிருந்தான். ஓர் எழுத்து யாரைப் பற்றிப் பேசுகிறது, யாரிடம் பேசுகிறது என்ற வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்லித்தர முடிந்ததில்லை.

இலக்கிய வகுப்பில் உள்ளுறையும் இறைச்சியும் நடத்தினால், சொல்லுக்குப் பின்னால் இருக்கும் பொருளைத் தேடினால், அது படிப்பு என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். செய்திப் படத்திலும் விளம்பரத்திலும் குறிப்புப் பொருளைத் தேடினால் மட்டும் அது பொழுதுபோக்காகிவிடுகிறது. என் பாடவேளை எப்போதும் நாளின் கடைசிப் பாடவேளை. தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவதும் அதுதான். "இன்றைக்கு என்ன படம்?" என்று ஓய்வறையில் கேட்கும் நண்பர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். அவர்களாவது வேறு பாடக்காரர்கள். தாங்கள் அப்படி அல்லவே. தங்கள் தொழிலையே பாடமாக வைத்துப் படிக்கிற பிள்ளைகளைத் தங்கள் பத்திரிகையே இப்படி எழுதியதுதான் ஆறவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சிறுவன் குற்றம் செய்து பிடிபட்டால், அவன் பார்த்த திரைப்படமே அவனைக் கெடுத்தது என்று தாங்கள் தலைப்பு வைக்கிறீர்கள். ஒன்றல்ல, பல முறை. ஒரு படம் பிள்ளையைக் குற்றவாளியாக்கும் அளவுக்கு வலிமையானது என்றால், அந்தப் படம் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்வது எப்படிச் சோம்பேறிகளின் வேலையாகும்? அந்தத் தலைப்பு ஊசி மருந்துபோல ஊடகம் உள்ளே இறங்கிவிடும் என்ற மிகப் பழைய எண்ணத்தில் நிற்கிறது. 1938 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் ஆர்சன் வெல்ஸ் என்ற நாடக இயக்குநர் செவ்வாய்க் கிரகத்தார் படையெடுப்பதாக வானொலி நாடகம் போட்டார். நாடே அலறி ஓடியதாக மறுநாள் செய்தித்தாள்கள் எழுதின. அந்தப் பீதி பெரிதும் ஊதிப் பெருக்கப்பட்டது என்று பின்னர் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நான் ஆண்டுதோறும் நடத்தும் பாடம் இது. நாடகம் கேட்டவர்களைப் பற்றி மட்டும் அல்ல, செய்தி எழுதியவர்களைப் பற்றியும் அதில் படிக்கிறோம்.

தேர்வு முடிவு நாளில் முதல் பக்கத்தில் கட்டிப்பிடித்துத் துள்ளும் மாணவிகள் படம் வருகிறது. என் வகுப்பில் ஆண் பிள்ளைகளும்தான் தேர்ச்சி பெறுகிறார்கள், அழுகிறார்கள், துள்ளுகிறார்கள். அவர்களை யாரும் படமெடுப்பதில்லை. மகிழ்ச்சிக்குப் பெண் முகம், கருத்துச் சொல்ல ஆண் முகம் என்று யார் முடிவு செய்தது? செய்திகளில் இடம்பெறும் மனிதர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று உலகளாவிய ஊடகக் கண்காணிப்புத் திட்டம் எண்ணி வருகிறது. 1995-இல் 17 சதவீதம். 25 ஆண்டுகள் கழித்து, 2020-இல், 25 சதவீதம். இதைப் படித்ததும் தங்கள் நாளிதழின் ஒரு வாரப் பக்கங்களை என் மாணவிகள் அளவுகோலும் பென்சிலுமாக உட்கார்ந்து எண்ணினார்கள். அந்தக் கணக்கைத் தங்களுக்குக் கடிதமாக அனுப்பினேன், நினைவிருக்கிறதா? மாணவர்களுக்குப் பயன்படும் நாளிதழ் என்று மரியாதைக்காக எழுதிய முதல் இரண்டு வரிகள் மட்டும் அச்சேறின. கணக்கு முழுவதும் போய்விட்டது. தங்கள் பெயரும் வரும் என்று அந்த வாரம் முழுவதும் காத்திருந்த பிள்ளைகளிடம் அந்தப் பக்கத்தை நான்தான் காட்ட வேண்டியிருந்தது.

இது ஒரு ஆசிரியையின் தனிப்பட்ட ஆசையும் அல்ல. பள்ளிகளில் ஊடகக் கல்வி வேண்டும் என்று 1982-இல் ஜெர்மனியின் குருன்வால்டில், யுனெஸ்கோ கூட்டிய கருத்தரங்கில் 19 நாடுகளின் பிரதிநிதிகள் அறிக்கை வெளியிட்டார்கள். கனடாவின் ஒண்டாரியோ மாகாணம் 1987-இலேயே அதை மேல்நிலைப் பள்ளிப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. கட்டுரையாளர் யாரிடமாவது ஒரு கேள்வி கேட்டிருந்தால் இவ்வளவும் கிடைத்திருக்கும்.

மன்னிப்பு கேட்கச் சொல்லவில்லை. மறுப்பு வெளியிடவும் சொல்லவில்லை. அந்தப் புகைப்படத்தின் வெட்டாத மூலப்படம் தங்களிடம் இருந்தால் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். விலைக்கு வாங்கிய படம் என்றால் அதையாவது தெரிவியுங்கள். அந்தக் கைக்கு உரியவர் யார், அவர் என்ன எழுதிக்கொண்டிருந்தார் என்று என் மாணவர்கள் ஆளுக்கொரு தாளில் மீதிப் படத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். 31 தாள்கள் வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்கக் காத்திருக்கிறார்கள்.

இடம் போதாமல் இந்தக் கடிதத்தையும் சுருக்க நேர்ந்தால், அந்தக் கையைப் பற்றிய பத்தியை மட்டும் வெட்டிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஊடகக் கல்வி நடத்தும் ஒரு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை