கட்சியை விட்டுப் போகாதே, மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். வாடைக்காற்று இன்னும் விடவில்லை, வல்லம் ஒரு நாள் இறங்கினால் இரண்டு நாள் கரையில் கிடக்கிறது, நண்டு வலை போட்டவர்கள் மட்டும் கொஞ்சம் காசு பார்த்தார்கள். பெரியவனுக்குத் திருப்பாலைக்குடியில் ஒரு பெண் பார்த்திருக்கிறோம், முடிவானதும் சொல்கிறேன். பேத்திக்குக் காய்ச்சல் என்றாயே, இப்போது தேவலையா? திருப்பூர்த் தண்ணீர் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ, காய்ச்சிக் கொடுக்கச் சொல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய குரல் பதிவை முழுக்கக் கேட்டேன். கட்சி அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன், கொடி கட்டினது போதும், இனி எந்தக் கட்சியும் வேண்டாம், எல்லாரும் ஒன்றுதான் என்று சொல்லியிருக்கிறாய். நான் உனக்கு எதிர்க்கட்சிக்காரன். உங்கள் பக்கம் ஒரு நல்ல ஆள் குறைந்தால் எங்களுக்கு லாபம் என்றுதான் ஊரில் கணக்குப் போடுவார்கள். எனக்கு அந்தக் கணக்கு பிடிக்கவில்லை. நீ விலகக் கூடாது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் என்றால் பாதியில் பேச்சு வேறெங்கோ போய்விடும்.

உன் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சுவரில் சின்னம் வரைந்தவன், மழையில் நின்று நோட்டீஸ் கொடுத்தவன், போலீஸ் அடி வாங்கினவன் எல்லாம் ஓரமாக நிற்க, நேற்று வந்தவன் காரிலிருந்து இறங்கி வேட்பாளர் ஆகிறான். கிளைக்குத் தேர்தல் நடந்ததாக எழுதி, யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் வைத்துக் கையெழுத்து மட்டும் வாங்கிப் போகிறார்கள். உங்கள் பக்கமும் அப்படித்தான், எங்கள் பக்கமும் அப்படித்தான். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 29ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பதிவு செய்கிற ஒவ்வொரு கட்சியும் அரசியல் சாசனத்துக்கும் ஜனநாயகத்துக்கும் உண்மையாக இருப்போம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தபடி நடக்கவில்லை என்றால் பதிவைப் பறிக்கத் தேர்தல் ஆணையத்துக்குப் பொதுவாக அதிகாரம் இல்லை என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆணையமும் கேட்க முடியாது என்றால் அப்புறம் யார் கேட்பது? உள்ளே இருக்கிற தொண்டன்தான் கேட்க வேண்டும். நீ அட்டையைத் திருப்பிக் கொடுத்த மறுநாளே கேட்கிற உரிமை போய்விடும், வெளியே நின்று திட்டுகிற உரிமைதான் மிச்சம்.

மேலே என்ன நடக்கிறது என்று பார். கட்சித் தாவலைத் தடுக்க 1985-இல் சட்டம் கொண்டுவந்தார்கள், அரசியல் சாசனத்தின் பத்தாவது அட்டவணை. நோக்கம் நல்ல நோக்கம்தான், ஆளை விலைக்கு வாங்குவதை நிறுத்த வேண்டும் என்பது. ஆனால் தீர்ப்புச் சொல்கிற பொறுப்பைச் சபாநாயகர் கையில் கொடுத்தார்கள், அவரும் ஒரு கட்சி ஆள். நம் மாநிலத்திலேயே 2017 பிப்ரவரியில் நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு எதிராக ஓட்டுப் போட்ட ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.க்கள் 11 பேர் பதவியில் இருந்தார்கள், ஆகஸ்டில் ஆளுநரிடம் முதல்வருக்கு எதிராக மனுக் கொடுத்த அதே கட்சியின் 18 பேர் செப்டம்பரில் பதவி இழந்தார்கள். அந்த 18 தொகுதியில் நம் பரமக்குடியும் ஒன்று. 2019 ஏப்ரலில் இடைத்தேர்தல் வரும்வரை பரமக்குடி மக்களுக்கு எம்.எல்.ஏ. என்று ஒருவர் கிடையாது. சண்டை இரண்டு கோஷ்டிக்கு நடுவில், வாயில்லாமல் போனது கண்மாய்த் தண்ணீருக்கு மனுக் கொடுக்க வந்த சம்சாரிக்கு.

2024 நாடாளுமன்றத் தேர்தலும் உனக்கு நினைவிருக்கும். நம் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழத்தில் நின்றார், அதே பெயரில் இன்னும் பல பேர் மனுத் தாக்கல் செய்தார்கள். அந்தப் பெயருள்ளவர் நிற்கச் சட்டத்தில் தடை இல்லை, அது வேறு விஷயம். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஒரு கிழவி பெட்டிக்கு முன்னால் நின்று ஒரே பெயரைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் என்ன செய்வாள் என்று நினைக்கும்போது எனக்கு வயிறு எரிந்தது. அவருடைய ஆட்கள் பலாப்பழப் படத்தை வீடு வீடாகக் காட்டி ஓட்டுக் கேட்டார்கள். அவர் இரண்டாம் இடம் வந்தார். எனக்கு அவர் அரசியலோடு ஒட்டு உறவு கிடையாது, ஆனாலும் வெயிலில் நடந்த அந்த ஆட்களை நான் மதிக்கிறேன்.

ஊராட்சியை எடுத்துக்கொள். 2019 டிசம்பர் தேர்தலில் ஆளுக்கு நாலு சீட்டு கொடுத்தார்களே, அதில் தலைவருக்கான இளஞ்சிவப்புச் சீட்டிலும் வார்டு உறுப்பினர் சீட்டிலும் கட்சிச் சின்னம் கிடையாது. ஊருக்குள் கட்சி வேண்டாம், ஆளைப் பார்த்துப் போடட்டும் என்றுதான் அப்படி வைத்தார்கள். அவர்கள் பதவிக் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது, அதன் பிறகு தேர்ந்தெடுத்த தலைவர் இல்லை, தனி அலுவலர் என்று அரசு அதிகாரி ஆட்சி. அதற்கு முன்னால் 2016 அக்டோபரிலிருந்து மூன்று வருஷத்துக்கு மேல் இதே கதை. ஐந்து வருஷம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சாசனமே சொல்கிறது. உன் கட்சி ஆண்டபோதும் நடக்கவில்லை, என் கட்சி ஆண்டபோதும் நடக்கவில்லை. வழக்கு, வார்டு மறுவரையறை என்று ஆளுக்கொரு காரணம். நம் ஊரில் தெருவிளக்கு எரியவில்லை என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியவில்லை, முன்பெல்லாம் தலைவர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார், நேராகப் போய்க் கேட்கலாம். கிராம சபை மட்டும் தேதி தவறாமல் கூடுகிறது. ஜனவரி 26-ஆம் தேதி கூட்டத்தில் நான் எழுந்து இதைத் தீர்மானமாக எழுதச் சொல்லப் போகிறேன். என் கட்சி ஒன்றியத்துக்குப் பிடிக்காது, பரவாயில்லை.

பணத்தைப் பற்றி நீ சொன்னது முழுக்க உண்மை. 2009 ஜனவரி திருமங்கலம் இடைத்தேர்தலுக்கு முன்னால் காசு கொடுக்கவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அதற்குப் பிறகு அது ஒரு முறையாகிவிட்டது, 'பார்முலா' என்று பேர் வைத்துப் பேசுகிற அளவுக்கு. 2017-இல் ஆர்.கே. நகர், 2019-இல் வேலூர், பணத்துக்காகத் தேர்தலையே ரத்து செய்தார்கள். இதில் எனக்குப் பெரிய வேதனை என்ன தெரியுமா? எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, யார் துபாயில், யார் கடலில், யாருக்கு உடம்பு முடியவில்லை என்று நமக்குத் தெரியும். அந்த அறிவை வைத்துத்தான் நாம் மனுவும் எழுதிக் கொடுத்தோம், முதியோர் பென்ஷனும் வாங்கிக் கொடுத்தோம். இப்போது அதே பட்டியலில் டிக் போட்டுக் கவர் கொடுக்கச் சொல்கிறார்கள். கவர் வாங்கின வீட்டில் அடுத்த ஐந்து வருஷம் யாரும் வாய் திறந்து எதையும் கேட்பதில்லை. நாம் உண்டியல் குலுக்கிக் கூட்டம் போட்ட காலத்தில் கட்சிக்குக் காசு எங்கிருந்து வந்தது என்று ஊருக்கே தெரியும். கட்சிக்கு நன்கொடை கொடுக்கத் தேர்தல் பத்திரம் என்று ஒன்று வைத்து யார் கொடுத்தது என்பதையே மறைத்தார்கள், 2024 பிப்ரவரி 15-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொன்ன பிறகுதான் நம் கட்சிகளுக்கு யார் கொடுத்தார்கள் என்பதை நாமே பேப்பரில் படித்தோம்.

கடல் விஷயத்தில் இன்னும் மோசம். கச்சத்தீவு ஒப்பந்தம் 1974-இல், அடுத்தது 1976-இல். ஒவ்வொரு தேர்தலுக்கும் அது மேடை ஏறுகிறது, நீ கொடுத்தாய் நான் எதிர்த்தேன் என்கிறார்கள், ஓட்டு எண்ணி முடித்ததும் இறங்கிவிடுகிறது. விசைப்படகு இழுத்துப் போகிற இழுவைமடி வலை கடலின் அடியையே வழித்து எடுக்கிறது, நாட்டுப்படகுக்காரன் வலை அறுகிறது, அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வலை போய் அழுகிறவனும் தமிழன்தான், 2017-இல் இலங்கை அதற்குத் தடைச் சட்டமே போட்டுவிட்டது. இதை நம் கரையில் மேடை போட்டுச் சொல்ல எந்தக் கட்சிக்கும் தைரியம் இல்லை, விசைப்படகு ஓட்டு போய்விடுமாம். விசைப்படகு முதலாளியும் கடனில்தான் இருக்கிறார், இலங்கைச் சிறைக்குப் போகிறவன் அவரிடம் கூலிக்குப் போன பையன். இழுவைமடியை விட்டு ஆழ்கடலுக்குப் போகப் படகு ஒன்றுக்கு 80 லட்சம் என்று திட்டம் போட்டார்களே, அது ஏன் இந்தக் கரையில் ஓடவில்லை என்று உங்கள் கூட்டத்தில் நீ கேட்டால்தான், எங்கள் கூட்டத்தில் நான் கேட்டால்தான் அது பேச்சாகும். மீனவர் சங்கத்தில் மட்டும் கட்சிக் கொடி கிடையாது, கவனித்திருப்பாய். ஒரு படகு பிடிபட்டால் யார் எந்தக் கட்சி என்று பார்க்காமல் எல்லாரும் வேலைநிறுத்தத்தில் உட்காருகிறார்கள்.

இப்போது ஊரில் நடந்ததைச் சொல்கிறேன், இதற்காகத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் நடந்ததே, 2025 டிசம்பர் 19-இல் வரைவுப் பட்டியல் வந்தபோது மாநிலம் முழுக்க 97 லட்சம் பேர் பெயர் இல்லை. இறந்தவர், இடம் மாறியவர், இரண்டு இடத்தில் இருந்தவர் எல்லாம் சேர்ந்த கணக்கு, அதில் பெரும்பகுதி சரியாகவே இருக்கலாம். ஆனால் நம் கரை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். பாதிப் பேர் தொழிலுக்கு மங்களூர், கொச்சி என்று போய்விடுகிறான், கதவைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு போகிறவர்களும் உண்டு. படிவம் கொடுக்க வந்தவர் பூட்டைப் பார்த்தார், ஊரில் இல்லை என்று எழுதிவிட்டார்.

இரண்டு கட்சிப் பையன்களும் வாட்ஸ்அப்பில் ஒருவர் தலைவரை ஒருவர் கேட்கக் கூசும்படி திட்டிக்கொண்டிருந்தார்கள், எனக்குப் பயமாகவே இருந்தது. பட்டியல் வந்த அன்று சாயங்காலம் ஏலக்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள், உங்கள் ஆள் ஒருவன், எங்கள் ஆள் ஒருவன், இரண்டு பேரும் அவரவர் கட்சியின் வாக்குச்சாவடி முகவர். நீக்கப்பட்டவர் பட்டியலை ஒருவன் வாசிக்க, இன்னொருவன் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே வந்தான். கீழே மீன் தண்ணீர் ஓடின ஈரம், மேலே ஒரே ஒரு டியூப்லைட், செதில் ஒட்டின கையோடு பெண்கள் சுற்றி நின்று தங்கள் பேரைக் கேட்கிறார்கள். மேலத்தெருவில் நண்டு பிரிக்கிற ஒரு அம்மாவின் பேர் வாசிக்கப்பட்டது. அந்த வீடு காலங்காலமாக எங்கள் ஓட்டு, ஊருக்கே தெரியும். உங்கள் பையன்தான் நிறுத்தச் சொன்னான். அவங்க மக வீட்டுக்கு மங்களூர் போயிருந்தாங்க, போன வாரம்தான் வந்தாங்க என்று சொல்லி, அவனே வண்டியில் போய்க் கூட்டி வந்து பட்டியலில் பெயர் சேர்க்கிற ஆறாம் எண் படிவத்தை நிரப்பிக் கொடுத்தான். அடுத்த நாள் அவனுடைய ஒன்றியத்திலிருந்து போன். எதிர் ஓட்டை எதுக்குடா சேர்த்தே என்று ஏச்சு. அவன் என்ன சொன்னான் என்றால், "எங்க தெரு ஆளுண்ணே, நாளைக்கு அவங்க முகத்துல முழிக்கணும்ல." அப்புறம் எங்கள் பையனும் அதே மாதிரி உங்கள் பக்கத்துப் பெயர்களைத் தேடித் தேடிக் கொடுத்தான். இப்போதும் வாட்ஸ்அப்பில் திட்டிக்கொள்கிறார்கள், அது நிற்கவில்லை. ஆனால் தலைவரைத் திட்டுகிறார்கள், தெருக்காரனைத் திட்டுவதில்லை.

அந்தப் பையனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று நினைக்கிறாய்? நீதான். உன்னோடு வாக்குச்சாவடிக்கு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் அவன். காலையில் 50 ஓட்டுப் போட்டு மெஷினைச் சோதிக்கும்போது நீ ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்து எண்ணிக்கையைச் சரிபார்ப்பாய், சாயங்காலம் எத்தனை ஓட்டு பதிவானது என்று காட்டுகிற 17சி நகல் கைக்கு வராமல் எழுந்திருக்க மாட்டாய், என் கட்சிக்கும் நகல் கொடுத்தாச்சா என்று நீயே கேட்பாய். நாம் இரண்டு பேரும் ஒரே பொட்டலத்தில் புளிசாதம் சாப்பிட்டதைப் பார்த்து வெளியூர் அதிகாரி ஒருவர் நம்மை ஒரே கட்சி என்று நினைத்தார். நீ போய்விட்டால் அந்த நாற்காலி காலியாக இருக்காது. கூலிக்கு ஒருவன் வந்து உட்காருவான், அவனுக்கு யார் முகமும் தெரியாது, தெரிந்தாலும் கவலை இருக்காது.

ஆகவே அட்டையை வைத்துக்கொள். கோபத்தை அப்படியே உங்கள் மாவட்டத்துக்குக் கடிதமாக எழுது, கிளைத் தேர்தலை நிஜமாக நடத்தச் சொல், கூட்டத்தில் எழுந்து நின்று கேள். இரண்டு பேராவது உன் பக்கம் கை தூக்குவார்கள், அந்தப் பையன் கண்டிப்பாகத் தூக்குவான்.

இன்னொன்று. நீ திருப்பூர் போய் இருப்பதால் உன் பேரை இங்கே இடம் மாறியவர் என்று எடுத்திருக்கிறார்கள், நானே பார்த்தேன், அது சரியான நீக்கம்தான். அங்கே பட்டியலில் உனக்கும் தங்கச்சிக்கும் பேர் இருக்கிறதா என்று உடனே பார், இல்லாவிட்டால் ஆறாம் எண் படிவம் கொடு. ஆதார், பழைய வாக்காளர் அட்டை நகல் எல்லாம் எடுத்து வைத்துக்கொள். வாளைக் கருவாடு ஒரு பை கட்டி வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை திருப்பூர் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன், காலையில் ஆளை அனுப்பு.

அன்புடன்,
உன் மச்சான்