மல்லாட்டை காவலுக்கு நான் இருக்கேன்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் தண்டையார்பேட்டைல இருந்து எழுதறேன், வயசு 67, எட்டாவது வரைக்கும்தான் படிச்சேன். போன்ல பேசினாவே எழுத்தா வரும் ஆயான்னு பேரன் காமிச்சு குடுத்தான், எனக்கு அது சரிப்படல, வெரலாலயே ஒன்னு ஒன்னா அடிச்சு அனுப்பறேன், தப்பு இருந்தா திருத்திக்கங்க.

அக்டோபர் 1 முதியோர் தினம்னு உங்க பேப்பர்ல ஒரு முழு பக்கம் போட்டிருந்தீங்க. முட்டி வலி, சுகர், கண்ணுல புரை, வழுக்கி விழுந்தா இடுப்பு எலும்பு, உயில் எழுதறது எப்படி, கடைசில தனிமை. எல்லாம் வேணும்தான், நானும் சுகர் மாத்திரை போடறவதான், அதுல குத்தம் சொல்லல. ஆனா எதிர்வீட்டு அக்கா கண்ணாடிய கழட்டி வெச்சுட்டு "நம்மள பத்தி எழுதினா வியாதியும் உயிலும்தானாடி"ன்னு கேட்டாங்க, அது ராத்திரி பூரா மனசுல நின்னுச்சு. வயசானா சந்தோஷம்னு ஒன்னு இருக்கு ஐயா. நான் அத தினமும் அனுபவிக்கிறேன், அது எனக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னும் தெரியும், அதுக்கோசரம்தான் இந்த லெட்டர்.

எனக்கு ஊரு வந்தவாசி பக்கம், நான் பொறந்தப்ப அது வட ஆற்காடு மாவட்டம், 1989ல பிரிச்சதுக்கு அப்புறம்தான் திருவண்ணாமலைன்னு ஆச்சு. நெல்லு கொஞ்சம், கேவுரு கொஞ்சம், மிச்சம் எல்லாம் மல்லாட்டை. வேர்க்கடலைன்னு நீங்க எழுதுவீங்க, எங்களுக்கு அது மல்லாட்டைதான், மணிலாகொட்டைன்னு சொல்லி சொல்லி அப்படி ஆயிடுச்சுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. எங்க அப்பா மார்கழில கிணத்து தண்ணி பாய்ச்சி போடுவாரு, கவலை ஓட்டி, அதாவது மாடு கட்டி எறைக்கிற தண்ணி, ரெண்டு மாடு முன்னுக்கும் பின்னுக்கும் நடந்துகிட்டே இருக்கும், தண்ணி மொள்ற தோல்சாலு மேல வந்து கொட்டற சத்தம் கேட்டுதான் நாங்க விடியகாலைல கண்ணு முழிப்போம். சித்திரை வைகாசில புடுங்குவாங்க, ஸ்கூல் லீவு, அதனால நாங்க எல்லாம் காட்டுலதான். செடிய புடுங்கி குமிச்சு வெச்சா பொம்பளைங்க வரிசையா உக்காந்து காய ஆய்வாங்க, கூலி காசா வராது, மல்லாட்டையாவே அளந்து குடுப்பாங்க.

ஆஞ்ச காய களத்துல பரப்பி காய வெச்சா அதுக்கு காவல் எங்க ஆயா. அப்ப அதுக்கு எழுவது இருக்கும், முதுகு கூன் விழுந்து நடக்கும், நடவுக்கோ களைக்கோ போவ முடியாது. ஆனா ஒருத்தரும் அத மூலைல உக்காருன்னு சொன்னதில்ல, களத்துக்கு ஆயாதான் அதிகாரி. வேப்பமரத்து நெழல்ல கோரைப்பாய போட்டு, பழைய புடவை துண்டு கட்டின நீட்டு கழி ஒன்ன கையில வெச்சுகிட்டு காக்கா அணில் ஆடு எல்லாத்தயும் ஒக்காந்த எடத்துலேர்ந்தே வெரட்டும். அப்பப்ப ஒரு காய எடுத்து காதுகிட்ட ஆட்டி பாக்கும். பச்சையா இருந்தா சத்தமே வராது, உள்ள பருப்பு தோட்ட ஒட்டிகிட்டு கிடக்கும், காஞ்சுடுச்சுன்னா கலகலன்னு ஆடும். எங்க காதுகிட்டயும் ஆட்டி காட்டி "சொல்லுது பாரு, சொல்லுது பாரு"ன்னு சொல்லும். அது தலையாட்டினாதான் அப்பா மூட்டை கட்டுவாரு. ஒரு வருஷம் அவசரப்பட்டு ஆயாவ கேக்காமயே கட்டிட்டாரு, மூட்டைக்குள்ள பூஞ்சை புடிச்சு பாதி வீணா போச்சு, அதுக்கப்புறம் அவரு சாவற வரைக்கும் அந்த தப்ப பண்ணல.

கஷ்டம் இல்லாம இல்ல. மழை பேஞ்சு கெடுத்த வருஷமும் இருக்கு, கடன்காரன் வாசல்ல நின்ன நாளும் இருக்கு, என் படிப்பு எட்டாவதோட நின்னது அதனாலதான். ஆனா வயசாயிடுச்சேன்னு ஆயா ஒரு நாள் கூட பொலம்பி நான் கேட்டதே இல்ல.

அப்புறம் கூத்து. எங்க பக்கம் திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வெச்சா பகல்ல பாரதம் படிப்பாங்க, ராத்திரில கூத்து, விடிய விடிய நடக்கும். செய்யாறு பக்கத்துல புரிசைன்னு ஒரு ஊரு, கூத்துக்கே பேர் போன ஊரு, அந்த காத்து எங்க ஊரு பக்கமும் நல்லாவே அடிக்கும். ஆயா பாயயும் எங்களயும் இட்டுனு போயி முன்னாடி எடம் புடிக்கும், நாங்க தூங்கிடுவோம், பீமன் வேஷம் வர நேரத்துல மட்டும் தட்டி எழுப்பும். கடைசி நாள் படுகளம். மண்ணுலயே துரியோதனன மல்லாக்க படுத்த மாதிரி பெருசா செஞ்சு வெச்சிருப்பாங்க, பத்து ஆளு நீளம் இருக்கும்னு எங்க சின்ன கண்ணுக்கு தெரியும். பீமன் தொடைல அடிப்பாரு, திரௌபதி கூந்தல முடிவாங்க, துரியோதனன் பொண்டாட்டி பெருந்திருவா வந்து ஒப்பாரி வெப்பாங்க. முடிஞ்சதும் ஆயா அந்த மண்ணுல ஒரு புடி எடுத்து முந்தானைல முடிஞ்சுட்டு வந்து நெல்லு குதிர்ல போடும்.

1977ல கல்யாணம் ஆயி தண்டையார்பேட்டைக்கு வந்தேன். எங்க வீட்டுக்காரருக்கு ஹார்பர்ல வேலை, ஒரே ரூமு, தெருக்குழாய்ல குடம் வரிசை. புள்ளைங்கள வளத்து கட்டி குடுக்கறதுக்குள்ள முப்பது வருஷம் எப்படி ஓடுச்சுன்னே தெரியல, அத பத்தி எழுத பெருசா ஒன்னும் இல்ல.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்பதான் எனக்கு ஒன்னு புரிஞ்சுது. எங்க தெருவுல முட்டிக்கு மேல தண்ணி, கரண்ட் இல்ல, போன்ல சார்ஜ் இல்ல. கீழ்வீட்டுக்காரங்க எல்லாம் மாடிக்கு எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க, பெரியவங்களே பதினோரு பேரு, பொடிசுங்க ஏழு. ராத்திரி ஆனதும் பொடிசுங்க அழ ஆரம்பிச்சுதுங்க, ஒன்னு அழுதா எல்லாம் அழும் இல்ல. என்ன பண்றதுன்னு தெரியாம நான் சாக்பீஸ் எடுத்து கூடத்து தரைல நீளமா துரியோதனன வரைஞ்சேன், இந்த செவுத்துல தலை, அந்த செவுத்துகிட்ட காலு. மெழுகுவத்திய மீசைகிட்ட வெச்சேன். பாரதத்த ஆரம்பத்துலேர்ந்து சொல்ல ஆரம்பிச்சேன் ஐயா, சூதாட்டம், வனவாசம், அர்ஜுனன் தபசு மரம் ஏறுறது, எல்லாம் எனக்கு வரும்னு எனக்கே அன்னிக்கு வரைக்கும் தெரியாது, ஆயா பக்கத்துல ஒக்காந்து பாத்தது அம்பத்தஞ்சு வருஷம் கழிச்சு வாயில வந்து விழுது. படுகளம் வந்தப்ப கீழ்வீட்டு பையன் ஏழு வயசு, அவன்தான் பீமன், தலகாணிய தூக்கி தொடை மேல ஓங்கி ஒரு போடு போட்டான். சிரிப்பு சத்தம் அடங்கவே இல்ல. வெளில தண்ணி ஏறிட்டு இருந்துது, உள்ள யாருக்கும் பயம் இல்ல. ரெண்டு ராத்திரி அப்படிதான் போச்சு. அன்னிக்கு அந்த வீட்டுல என்ன மாதிரி வேண்டியவ வேற யாரும் இல்ல, அத சொல்றதுக்கு எனக்கு ஒன்னும் வெக்கம் இல்ல.

அதுலேர்ந்து எங்க தெரு பொடிசுங்களுக்கு நான் கூத்து ஆயா. ஆடி மாசம் எங்க தெரு அம்மனுக்கு கூழ் ஊத்தறப்ப அண்டாகிட்ட நான்தான். கேவுரு மாவ முந்தின நாளே கரைச்சு புளிக்க வெக்கணும், நொய்ய வேக வெச்சு அதுல ஊத்தி கட்டி புடிக்காம கிண்டணும், கை மாறினா கெட்டுடும், துடுப்பு என் கைலேர்ந்து யாரும் வாங்க மாட்டாங்க. தொட்டுக்க முருங்கைக்கீரையும் காசிமேட்டு கருவாடும். பௌர்ணமி வெள்ளிக்கிழமைல வந்தா நாங்க ஆறு பொம்பளைங்க ஒன்னா கிளம்பிடுவோம், காலைல மீஞ்சூர் பக்கத்துல மேலூர்ல திருவுடையம்மன், உச்சி வேளைக்கு திருவொற்றியூர்ல வடிவுடையம்மன், சாயந்தரம் திருமுல்லைவாயல்ல கொடியிடையம்மன், ஒரே நாள்ல மூணு அம்மனும். ரயிலு கொஞ்சம், மிச்சம் பிங்க் பஸ்ஸு, 2021 மே மாசத்துலேர்ந்து பொம்பளைங்களுக்கு டிக்கெட்டுக்கு காசு கிடையாது இல்ல, சீட்டு புடிச்சு உக்காந்து பாட்டு பாடிட்டே போவோம். சின்ன வயசுல மாட்டு வண்டில திருவிழாவுக்கு போன மாதிரியேதான் இருக்கும் எனக்கு. முட்டி வலிக்கும், வலிக்கட்டும்.

அதனால உங்ககிட்ட கேக்கறது ரெண்டு. அடுத்த வருஷம் முதியோர் தினத்துக்கு எழுதறப்ப உங்க ஆளுங்கள ஆஸ்பத்திரிக்கு மட்டும் அனுப்பாதீங்க, வியாசர்பாடி கொருக்குப்பேட்டை ராயபுரம்னு தெரு தெருவா அனுப்பி அங்க இருக்கற பெரியவங்ககிட்ட "நீங்க என்ன வேலை பாக்கறீங்க"ன்னு கேக்க சொல்லுங்க, பக்கம் பத்தாது. இன்னொன்னு, இங்க பழைய வீட்ட எல்லாம் இடிச்சு ஃப்ளாட் கட்டறாங்க, பைக் நிறுத்த எடம் வுடறாங்க ஒக்கார எடம் வுடறதில்ல. எங்க பழைய வீட்டு திண்ணை போனதுலேர்ந்து நான் பிளாஸ்டிக் சேர தூக்கிகிட்டு எறங்கி ஏறறேன். வாசல்ல ரெண்டு பேரு ஒக்கார ஒரு திண்ணை கட்டுங்கன்னு எழுதுங்க ஐயா, உங்க பேப்பர்ல வந்தா கட்டறவங்க கண்ணுல படும்.

இன்னும் எழுதலாம்னுதான் இருந்தேன். தம்பி இந்த வருஷத்து மானாவாரி மல்லாட்டை ஒரு மூட்டை வந்தவாசி பஸ்ல ஏத்தி வுட்டிருந்தான், மொட்டைமாடில பரப்பி வெச்சிருக்கேன், கீழ்வீட்டு பையன்தான் கழியோட காக்காக்கு காவல். காலைல அவன் காதுகிட்ட ஒன்ன ஆட்டி காமிச்சேன், "ஆயா இன்னும் சொல்லல"ன்னான். சரியாதான் சொன்னான், இன்னும் ரெண்டு வெயிலு காயணும். இப்ப வடக்கால கருக்குது, அவன் மேலேர்ந்து கத்தறான், தார்ப்பாய் எடுத்துட்டு ஓடணும்.

இப்படிக்கு
உங்க வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை.